சனி ஞாயிறு மட்டும் ஒழுகுற சீலிங்

நேத்து சாயந்திரம் பால்கனி கிரில்ல தொறந்தேன், கீழ இருக்கிற கீல் அப்படியே கையோட வந்துடுச்சு. மாத்தி ரெண்டு வருஷம்கூட ஆகல. உள்ள இரும்புன்னு ஒண்ணுமே மிச்சம் இல்ல, செதில் செதிலா துருதான், ஈரத் தரையில விழுந்ததும் கறையா புடிச்சிக்கிச்சு, அத தேய்ச்சு எடுக்கவே அரைமணி நேரம் ஆச்சு. இந்த வீட்டுக்கு வந்ததுல இருந்து இது மூணாவது கீல்.

மலேசியாவுல போர்ட்டிக்சன்ல, கடலப் பாத்த மாதிரி, ஒம்பதாவது மாடியில வீடுன்னு சொன்னா சிரம்பான்ல இருக்கிற எங்க சொந்தக்காரங்க எல்லாரும் "குடுத்து வச்சவ நீ"ன்னுதான் சொல்றாங்க. வருவாங்க, பால்கனியில நின்னு போட்டோ எடுப்பாங்க, காத்து எப்படி அடிக்குதுன்னு சொல்வாங்க, சாப்பிட்டுட்டுப் போய்டுவாங்க. அந்தக் காத்துதான் வீட்டையே தின்னுக்கிட்டு இருக்குன்னு நான் யாருகிட்ட சொல்றது. ஜன்னல் கம்பி, கேஸ் அடுப்பு, வாஷிங் மெஷினோட அடிப்பாகம், அம்மாவோட ஊன்றுகோல்ல இருக்கிற ஸ்க்ரூ, எல்லாத்துலயும் துரு. உப்பு ஜாடியில உப்பு எப்பவும் தண்ணி விட்டுக்கிட்டேதான் இருக்கும், அடியில அரிசி போட்டு வச்சும் பாத்துட்டேன். அப்பளம் பொரிச்சா உடனே சாப்பிட்டுடணும், பத்து நிமிஷம் வெளிய வச்சா தொய்ஞ்சு போய்டும். துணி காயும் ஆனா காஞ்ச மாதிரியே இருக்காது, கையில எடுத்தா ஒரு பிசுபிசுப்பு. ஏர்கோனோட வெளி யூனிட்டப் போன வருஷம் கழட்டிப் பாத்தப்போ பின்னாடி இருக்கிற அலுமினியத் தகடெல்லாம் விரலால தொட்டதும் சாம்பலா உதிர்ந்துச்சு, சர்வீஸ் பண்ண வந்த தம்பி பாவம், "அக்கா, பக்கத்து ஊரு லுக்குட்ல பத்து வருஷம் ஓடுற சாமான் இங்க நாலு வருஷம்தான்"னு சொல்லிட்டுப் போனான்.

டவுன்ல ஹார்ட்வேர் கடை தவுக்கே, கடை முதலாளி, ஒருத்தர் இருக்காரு, அவருதான் எனக்கு முதல்ல வெவரம் சொன்னாரு. ஸ்டெய்ன்லெஸ்னு சொல்லி வாங்குறதெல்லாம் ஒண்ணு இல்லயாம், 304னு ஒரு வகை, 316னு ஒரு வகை. சாதாரணமா கடையில கெடைக்கிறது 304, டவுனுக்குள்ள வீடுன்னா அது போதும். கடலோரத்துக்கு 316தான் வாங்கணும், அதுல மாலிப்டினம்னு ஒரு உலோகம் கலந்திருக்கு, அது உப்பத் தாங்கும். வெல கூடத்தான். நான் அப்போ காசப் பாத்து சாதா இரும்புக் கீலே வாங்கினேன், அதான் நேத்து கையோட வந்தது.

வீட்டுக்குள்ள துரு புடிச்சா நம்ம காசு, மாத்திக்கலாம். பில்டிங்குக்குள்ள புடிச்சா என்ன பண்றது? ஆறாவது மாடி காரிடார்ல மேல இருந்து சிமெண்ட் பாளம் ஒண்ணு, சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கும், பேத்துக்கிட்டு விழுந்துச்சு. நல்ல வேளை அப்போ அந்தப் பக்கம் யாரும் நடந்து போகல. விழுந்த எடத்துல அண்ணாந்து பாத்தா உள்ள கம்பி கருஞ்செவப்பா உப்பிப் போய் நிக்குது. உப்புக் காத்து சிமெண்ட்டுக்குள்ள கொஞ்சங்கொஞ்சமா எறங்கி கம்பியத் தொட்டதும் துரு புடிக்குது, துரு புடிச்ச இரும்பு பழைய இரும்ப விட எடம் ஜாஸ்தி கேக்கும், அதனால சுத்தி இருக்கிற சிமெண்ட்ட வெளிய தள்ளிடும். மேல பெயிண்ட் அடிச்சு மூடினா பிரயோஜனம் இல்ல, கொத்தி எடுத்து கம்பியச் சுத்தம் பண்ணி மருந்து அடிச்சு திரும்பப் பூசணும். எங்க புளோக்ல பெயிண்ட்தான் அடிச்சாங்க.

இதெல்லாம் விட அம்மாவப் பத்திச் சொல்லணும், ஏன்னா இந்த வீட்ட வாங்குனதே அவங்களுக்காகத்தான். லுக்குட் பக்கத்துல ஒரு கித்தா தோட்டத்துல, ரப்பர் தோட்டத்துல, நான் பொறந்தேன், அம்மா அங்க முப்பத்து ரெண்டு வருஷம் பால் வெட்டுனாங்க. அப்புறம் கித்தாவ அழிச்சுட்டு செம்பனை, எண்ணெய் எடுக்கிற பனை, நட்டாங்க, நாங்க குடியிருந்த லயத்த ஒடைச்சாங்க, எல்லாரும் ஆளுக்கு ஒரு பக்கம் போய்ட்டோம். தோட்டத்துல இருக்கிறப்போ வருஷத்துக்கு ஒருக்கா, தீவாளி முடிஞ்சு லோரியில ஏத்திக்கிட்டு தெலுக் கெமாங் கடலுக்குக் கூட்டிட்டு வருவாங்க, அன்னைக்கு ஒரு நாள்தான் அம்மா உக்காந்து நான் பாத்திருக்கேன். அதனாலதான் சேமநிதி காசு எடுத்து இந்த வீட்ட வாங்கினேன்.

எழுபத்தெட்டு வயசாச்சு, இன்னும் காலையில நாலரைக்கு எழுந்துடுவாங்க, தோட்டத்துல பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கிற எடத்துக்கு, போற நேரம். பால்கனியில உக்காந்து இருட்டுல கடலப் பாத்துக்கிட்டு இருப்பாங்க. ஏப்ரல்ல இருந்து நவம்பர் வரைக்கும் சுமத்ரா பக்கத்துல இருந்து ஒரு காத்து மழை வரும், ராத்திரி அங்க கெளம்பி விடியக்காலம் நம்ம கரைக்கு வந்து சேரும், பேரே சுமத்ராதான். தூரத்துல மின்னல் மட்டும் தெரியும், சத்தம் இருக்காது, அப்புறம் திடீர்னு ஒரு குளுந்த காத்து, அதுக்கப்புறம் பத்து நிமிஷத்துல பால்கனியில இருக்கிற எல்லாம் பறக்கும், கதவு இடுக்கு வழியா தண்ணி ஹாலுக்குள்ள வந்துடும். அந்த முதல் மின்னலப் பாத்ததுமே அம்மா என்னைய எழுப்பி, "ஏண்டி பாப்பா, இன்னைக்கு வெட்டு இல்ல"ன்னு சொல்வாங்க. பால் வெட்டு வெயிலுக்கு முன்னாடிதான், அப்போதான் பால் நல்லா எறங்கும். சரியா அந்த நேரம் பாத்து இந்த மழை வரும். மரம் நனைஞ்சா பால் வெட்டுன கோட்டுல நிக்காது, பட்டை முழுக்க வழிஞ்சு வீணாப் போய்டும், அன்னைக்கு சம்பளம் இல்ல. வேல விட்டு இத்தன வருஷம் ஆகியும் அந்த மின்னலப் பாத்தா அவங்க மொகம் வாடிடுது. நான் துண்ட எடுத்து கதவு இடுக்குல வச்சுட்டு அவங்க பக்கத்துல உக்காந்துக்குவேன்.

மார்ச் மாசம் மட்டும் அவங்களுக்கு வேற ஒரு சந்தோஷம். தஞ்சோங் துவான்னு இங்க கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கிற முனைப் பக்கம் பருந்து வரும், ஒண்ணு ரெண்டு இல்ல, கூட்டங்கூட்டமா, சுமத்ரா பக்கம் ருப்பாட் தீவுல இருந்து கடலத் தாண்டி வரும், வடக்க போற வழி. அந்த எடத்துல கடல் முப்பத்தெட்டு கிலோமீட்டர் அகலம்தான். தண்ணிக்கு மேல சூடான காத்து கெளம்பாதுங்கறதால ரெக்கையடிச்சே வரணும், கரைக்கு வர்றப்போ களைச்சுப் போய் தாழப் பறக்கும், எங்க பால்கனிக்கு நேர போறதெல்லாம் பாத்திருக்கேன். கரை மேல வந்ததும் சுத்திச் சுத்தி மேல ஏறும். அம்மா கழுத்து வலிக்க வலிக்கப் பாப்பாங்க.

சரி, வந்த விஷயத்துக்கு வர்றேன்.

எங்க புளோக்ல பன்னெண்டு மாடி, மாடிக்குப் பத்து வீடு, மொத்தம் நூத்து இருவது. புதன்கெழம ராத்திரி கீழ நின்னு அண்ணாந்து பாத்தா எத்தன வீட்டுல வெளக்கு எரியும்னு நெனைக்கிறீங்க? அம்மா எண்ணுவாங்க, பதினெட்டு, சில நாள் இருவது. மத்ததெல்லாம் கோலாலம்பூர்ல, கிள்ளான்ல, சிங்கப்பூர்ல இருக்கிறவங்க வாங்கிப் போட்ட வீடு. பாதி பூட்டியே கெடக்கு, பாதி ஹோம்ஸ்டே. வெள்ளிக்கெழம சாயந்திரம் ஆச்சுன்னா காடி வரிசையா வரும், ஸ்கூல் லீவுன்னா சொல்லவே வேணாம், எங்க பார்க்கிங்ல எங்களுக்கே எடம் இருக்காது. வர்றவங்க மேல எனக்குக் கோவம் இல்ல. புள்ளைங்கள கூட்டிட்டு ரெண்டு நாள் கடலப் பாக்க வர்றாங்க, எங்க அம்மா வருஷத்துக்கு ஒரு நாள் லோரியில வந்த மாதிரிதானே. பாட்டுச் சத்தமும் பால்கனியில கோழி சுடுற பொகையும் இருக்கத்தான் செய்யும். ஆனா மணல்! கடல்ல குளிச்சுட்டு அப்படியே ஈரக் காலோட, மணலோட லிப்ட்டுக்குள்ள ஏறிடுறாங்க. கீழ கால் கழுவ பைப் இருக்கு, அதுக்குப் பக்கத்துல மலாயிலயும் இங்கிலீஷ்லயும் எழுதி ஒட்டியிருக்கு. அந்த மணல் எங்க போகுதுன்னு யாராச்சும் யோசிச்சிருப்பாங்களா? லிப்ட் கதவு ஓடுற பள்ளம் இருக்குல்ல, அதுல போய் நெறையுது. கதவு முழுசா மூடாது, மூடலன்னா லிப்ட் நகராது, திரும்பத் தொறக்கும், திரும்ப மூடும், அப்படியே பத்து தடவ ஆனதும் நின்னுடும். ஜாகா வேல, வாட்ச்மேன் வேல, பாக்குற நேப்பாளித் தம்பி ஒரு பழைய பல்லு தேய்க்கிற பிரஷ் வச்சிருக்கான், திங்கக்கெழம காலையில குந்திக்கிட்டு அந்தப் பள்ளத்தத் தோண்டி எடுப்பான். அது அவன் வேலயே இல்ல. நான் போறப்போ ரொட்டி சானாய் வாங்கிக் குடுப்பேன், வேற என்ன பண்றது.

ரெண்டு லிப்ட்ல ஒண்ணு ஏழு வாரமா நிக்குது. மெஷின் ரூம்ல இருக்கிற போர்டு உப்புல அரிச்சுடுச்சாம், புதுசு போடக் காசு இல்லயாம். போன மாசம் இருந்த இன்னொண்ணும் ரெண்டு நாள் நின்னுடுச்சு, அன்னைக்கு அம்மாவுக்கு கிளினிக்ல அப்பாய்ண்ட்மெண்ட். ஒம்பது மாடி படியில எறங்குனாங்க. ஒவ்வொரு மாடிக்கும் ஒரு தடவ படியில உக்காந்து முட்டியத் தேய்ச்சுக்கிட்டு, "தோட்டத்துல மேட்டுக்காட்டுல ஏறாத ஏத்தமா"ன்னு என்னைய சமாதானப்படுத்துறாங்க. நாலாவது மாடியில ஒரு சீன ஆன்ட்டி கதவத் தொறந்து நாற்காலி கொண்டு வந்து போட்டாங்க, தண்ணி குடுத்தாங்க. அந்த ஆன்ட்டியும் இங்கயே குடியிருக்கிறவங்க. திரும்பி வர்றப்போ நல்ல வேளையா லிப்ட் ஓடுச்சு.

காசு ஏன் இல்லன்னு கேட்டா பதில் சுலபம். எனக்கு மாசம் 180 வெள்ளி (ரிங்கிட்) மெயிண்டனன்ஸ், அதுக்கு மேல பத்துல ஒரு பங்கு, 18 வெள்ளி, சிங்கிங் ஃபண்ட், பெரிய ரிப்பேருக்குன்னு சேக்குற காசு. நான் பள்ளிக்கூடத்துல கிளார்க், ஒரு மாசம்கூடத் தவறினதில்ல. கட்டாம இருக்கிறதுல முக்கால்வாசி இங்க குடியிருக்காதவங்க. "நான் அங்க இருக்கிறதே இல்லயே, எதுக்குக் கட்டணும்"ங்கறாங்க. நீங்க இல்லாட்டியும் உங்க வீட்டு மேல உப்புக் காத்து அடிக்கத்தான் செய்யுது, உங்க வீட்டுத் தூணும் எங்க வீட்டுத் தூணும் ஒரே தூணு. வீட்டுக்காரங்க வருஷக் கூட்டத்துக்கு ஏழு நாளுக்கு முன்னாடி பாக்கி இருந்தா ஓட்டு போட முடியாதுன்னு சட்டம், ஆனா கூட்டத்துக்கே வராதவங்களுக்கு ஓட்டு போனா என்ன நஷ்டம்? போன வருஷக் கூட்டத்துக்கு மொத்தம் பதினாலு பேரு. அரைமணி நேரம் காத்திருந்து, வந்தவங்க போதும்னு ஆரம்பிச்சோம்.

இப்போ அந்த ஒழுகல். எங்க பாத்ரூம் சீலிங்ல ஜனவரி மாசம் தேத்தண்ணி கறை மாதிரி ஒரு வட்டம் தெரிஞ்சுச்சு. பிப்ரவரியில சொட்ட ஆரம்பிச்சுடுச்சு. மேல பத்தாவது மாடி வீடு ஹோம்ஸ்டே, ஓனர் கிள்ளான்ல, சாவி ஒரு ஏஜெண்ட்கிட்ட. ஏஜெண்டுக்கு போன் பண்ணினா "அது பில்டிங்கோட பைப்பா இருக்கும்"ங்கறாரு. கீழ ஓப்பிஸ்ல கேட்டா "மேல் வீட்டுக்காரங்ககிட்ட பேசுங்க"ங்கறாங்க. நாலு மாசம் இப்படியே அங்கயும் இங்கயும் அலைஞ்சேன்.

அம்மா என்ன பண்ணினாங்கன்னா, தோட்டத்துல இருந்து வர்றப்போ பத்திரமா எடுத்துட்டு வந்த ஒரு வெள்ளப் பீங்கான் மங்கு இருக்கு, பால் சொட்டுறதுக்கு மரத்துல மாட்டுற மங்கு, சாமி ரூம்ல பூ போட்டு வச்சிருப்பாங்க, அத எடுத்து ஒழுகுற எடத்துக்குக் கீழ வச்சாங்க. நான் வாளி வைக்கலாமேன்னேன். "வாளியில அளவு தெரியாது"ன்னாங்க. தெனமும் காலையில எழுந்ததும் போய்ப் பாப்பாங்க. சமையல் ரூம்ல மாட்டியிருக்கிற நாள்காட்டி, கட்டம் கட்டமா இருக்கும்ல, அதுல பென்சிலால கோடு போடுவாங்க. ஒரு கோடுன்னா கால் மங்கு, நாலு கோடுன்னா முழு மங்கு, ஒண்ணும் இல்லன்னா வெறுங்கட்டம். அம்மாவுக்கு எழுத அவ்வளவாத் தெரியாது, ஆனா ஒரு மரம் எவ்வளவு குடுக்கும், இன்னைக்கு ஏன் கொறைஞ்சுதுன்னு முப்பத்து ரெண்டு வருஷம் பாத்தவங்க.

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு நாள் என்னையக் கூப்பிட்டு நாள்காட்டியக் காட்டினாங்க. சனி, ஞாயிறு கட்டத்துல எல்லாம் மூணு கோடு நாலு கோடு. திங்கக்கெழம ஒண்ணு. செவ்வாயில இருந்து வெள்ளி வரைக்கும் வெறுங்கட்டம். ஸ்கூல் லீவு வந்த வாரம் மட்டும் தெனமும் கோடு. "மேல ஆள் இருந்தாத்தான் ஒழுகுது, இல்லன்னா இல்ல. இது பில்டிங் பைப் இல்லடி பாப்பா"ன்னாங்க.

ரெண்டாவது மாடியில ஜேகேஆர்ல, பொதுப்பணி இலாகாவுல, வேல பாத்து ரிட்டயர் ஆன அண்ணன் ஒருத்தர் இருக்காரு, அவருகிட்ட அந்த நாள்காட்டிய எடுத்துட்டுப் போய்க் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமப் பாத்தாரு. "தண்ணி வர்ற பைப்புல ஓட்டைன்னா அதுல எந்நேரமும் அழுத்தம் இருக்கும், ஆள் இருந்தாலும் இல்லாட்டியும் தெனமும் சொட்டும். ஆள் குளிக்கிறப்போ மட்டும் சொட்டுதுன்னா மேல் வீட்டுத் தரைதான், இல்லன்னா தண்ணி போற குழி"ன்னாரு. அப்புறம் அவருதான் சொன்னாரு, வாயால சொல்லிப் பிரயோஜனம் இல்லம்மா, எழுதிக் குடு. 2013ல வந்த ஸ்ட்ராட்டா, அதாவது அடுக்குமாடி வீட்டு, நிர்வாகச் சட்டத்துக்குக் கீழ 2015ல விதிமுறை போட்டிருக்காங்க, மாடிக்கு மாடி ஒழுகல்னு அதுக்குன்னே ஒரு பகுதி இருக்கு. எழுத்துல புகார் குடுத்தா நிர்வாகம் ஏழு நாளுக்குள்ள வந்து பாக்கணும், பாத்து அஞ்சு நாளுக்குள்ள காரணம் என்னன்னு பாரம் 28ல எழுதிக் குடுக்கணும். வேற காரணம்னு நிரூபிக்கிற வரைக்கும் தப்பு மேல் வீட்டுலன்னுதான் சட்டமே எடுத்துக்கும். இது தெரியாம நாலு மாசம் நான் போன்லயே கெஞ்சிக்கிட்டு இருந்தேன். உங்க வீட்டுலயும் ஒழுகுச்சுன்னா தயவு செஞ்சு முதல் நாளே எழுதிக் குடுங்க, ஒரு காப்பியில ஓப்பிஸ் சாப், முத்திரை, வாங்கி வச்சுக்குங்க.

ஆறாவது நாள் வந்தாங்க. மேல் வீட்டு பாத்ரூம்ல குழிய அடைச்சு, தரையில தண்ணி நிக்க வச்சு, அதுல நீலச் சாயப்பொடி கலந்து விட்டாங்க. நாங்க கீழ நின்னுக்கிட்டு இருந்தோம், நானும் அம்மாவும் ரெண்டாவது மாடி அண்ணனும். அரைமணி ஆச்சு, ஒண்ணும் இல்ல. ஓப்பிஸ்ல இருந்து வந்தவரு கடியாரத்தப் பாக்குறாரு. அம்மா நாற்காலியில உக்காந்து மங்க விட்டுக் கண்ண எடுக்கல. ஒன்றரை மணி நேரம் இருக்கும், சீலிங் வட்டத்துக்கு நடுவுல ஒரு பொட்டு இருண்டுச்சு, அப்படியே தொங்கிக்கிட்டு நின்னுச்சு, அப்புறம் டொக்குனு அந்த வெள்ள மங்குல விழுந்துச்சு. நீலம்.

ஓனர் ரெண்டு வாரம் கழிச்சு வந்தாரு. நாப்பது வயசு இருக்கும், நம்ம ஆளுதான். மூணு வருஷமா இந்தப் பக்கமே வரலயாம். ஏஜெண்ட் அவருகிட்ட எதுவுமே சொல்லலயாம். சண்ட போடணும்னு நெஞ்சு நெறைய வச்சிருந்தேன். அதுக்குள்ள அம்மா "வாங்க தம்பி, பசியாறியாச்சா"ன்னு உள்ள கூப்பிட்டு உக்கார வச்சுட்டாங்க. தோசையும் சம்பலும் சாப்பிட்டுக்கிட்டே நாள்காட்டிய ஒவ்வொரு மாசமாப் பொரட்டிப் பாத்தாரு. பாத்துட்டு, "இது எங்களுக்கு புக்கிங் வந்த நாள் எல்லாம் அப்படியே இருக்கே ஆன்ட்டி"ன்னாரு. அதுக்கப்புறம் தரைக் கல்ல எல்லாம் ஒடைச்சு, கீழ புதுசா வாட்டர்ப்ரூஃப் போட்டு, குழியையும் மாத்தினாங்க. மெயிண்டனன்ஸ் பாக்கியக் கட்டினாரான்னு கேட்டேன், கட்டுறேன்னாரு. அடுத்த மாசம் கூட்டத்துக்கு வரச் சொல்லியிருக்கேன். அன்னைக்கு லிப்ட் போர்டு விஷயம் பேசணும், ஆறாவது மாடி கம்பி விஷயம் பேசணும், எங்க புளோக்ல வீடு வாங்கிப் போட்ட யாராச்சும் இதப் படிச்சா, ஒரு ஞாயித்துக்கெழம காலையில வந்துட்டுப் போங்க.

போன சனிக்கெழம மேல நெறைய ஆளுங்க, சின்னப் புள்ளைங்க சத்தம், ராத்திரி பதினோரு மணி வரைக்கும் தண்ணி ஊத்துற சத்தம் கேட்டுச்சு. காலையில நான் எழுந்து வர்றதுக்குள்ள அம்மா பாத்ரூம்ல நின்னுக்கிட்டு இருந்தாங்க. மங்கு காஞ்சு கெடந்துச்சு. நாள்காட்டியில வெறுங்கட்டம்.

சீலிங் இன்னும் காயணும், மூணு வாரம் விட்டுத்தான் பெயிண்ட் அடிக்கணும்னு சொல்லியிருக்காங்க. அம்மா மங்க இன்னும் அங்கேயேதான் வச்சிருக்காங்க, சாமிக்கு வேற கிண்ணத்துல பூ. கீல் வாங்க நாளைக்கு டவுனுக்குப் போகணும், இந்தத் தடவ 316தான்.